பழியை ஓட்டத்தில் போடாதீங்க

பின்னேரத்தில் மூதூர்க் கடற்கரைப் பக்கம் ஓடுகிற பொடியன்களுக்கு ஒரு புத்திமதி தவறாமல் கிடைக்கும்: “மகன், கூட ஓடாதீங்க, பொறகு புள்ள கிடைக்காது.” சொல்கிறவர் பெரும்பாலும் கையில் சிகரெட்டோடு நிற்கிற ஒரு காக்கா. விந்தணுவுக்கு அந்தப் புகை கேடு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. நாங்களும் சிரித்துவிட்டு ஓடிவிடுவோம். இப்போது அதே கதை ‘ஆராய்ச்சி’ என்று பெயர் மாற்றிக்கொண்டு போனுக்கே வருகிறது. அதனால் ஆராய்ச்சியையே பேசுவோம்.

நோர்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் அந்தனி ஹக்னி குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில் 1,077 ஆண்கள் கேள்விக்கொத்து நிரப்பினார்கள். மிகக் கடுமையாக, நெடுநேரம் பயிற்சி செய்கிறவர்களிடம் பாலுறவு நாட்டம் குறைவாக இருந்தது. நாட்டம்தான். அந்த ஆய்வில் விந்தணுவை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வருடக்கணக்காக மரதன் பயிற்சி செய்கிற சிலருக்கு டெஸ்டொஸ்டெரோன் இறங்குவது உண்மை. செலவழிகிற சக்திக்கேற்ற சாப்பாடு உள்ளே வராவிட்டால், விந்தகத்துக்குப் போகிற கட்டளையை மூளை குறைத்துவிடும். அப்படியானவர்களுக்கு ஓய்வும் சாப்பாடும்தான் முதல் மருந்து. பின்னேரம் அரை மணித்தியாலம் ஓடுகிறவனுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

சைக்கிள் கதையும் இப்படித்தான். பொஸ்டன் பக்கம் மகப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளின் ஆண்களை வைத்து 2011இல் வந்த ஆய்வு அது. கிழமைக்கு 5 மணித்தியாலமோ அதற்கு மேலோ சைக்கிள் ஓடியவர்களிடம் விந்தணுச் செறிவு குறைவாக இருந்தது. மற்ற உடற்பயிற்சிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. சந்திக்கடைக்கே மோட்டார் சைக்கிளில் போகிற ஊரில் இதைச் சொல்லியா பயம் காட்டுவது?

பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. உடம்பு ஏற்ற, ‘ஆண்மை கூட்ட’ என்று போடுகிற டெஸ்டொஸ்டெரோன் ஊசி. ஹோர்மோன் வெளியிலிருந்து வந்தால், உள்ளே போதுமென்று மூளை விந்தகத்தைப் படுக்கப் போட்டுவிடும். விந்தணு பூச்சியத்துக்கும் இறங்கலாம். ஊசியை நிறுத்தினாலும் உடனே திரும்பாது. ஒரு விந்தணு உருவாகி முடியவே ஏறத்தாழ இரண்டரை மாதம் வேண்டும். இந்த ஊசியைப் பற்றி எந்தக் காக்காவும் வாய் திறப்பதில்லை.

இந்தக் கதையெல்லாம் யாருடைய தலையில் விடிகிறது என்று பாருங்கள். கல்யாணம் முடித்து இரண்டு வருஷம் பிள்ளை இல்லையென்றால் ‘மலடி’ என்ற சொல் ஒருத்திக்குத்தான் தயாராக இருக்கிறது. பிள்ளையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேரில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் பைலைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டி திருகோணமலைக்கு பஸ்ஸில் போய் வருவது அவள். ஸ்கேன் அவளுக்கு, இரத்தப் பரிசோதனை அவளுக்கு, ஊசியும் அவளுக்கு. அவரிடம் கேட்பதோ ஒரு சின்னப் போத்தல் மட்டும். இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்து விந்தைக் கொடுத்தால் முடிந்தது, வலியே இல்லை. அதற்குத்தான் அவருக்கு மானம் போகிறதாம்.

காக்கா, எங்களை ஓட விடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அடுத்த முறை பஸ் ஏறும்போது மருமகனையும் கூட அனுப்புங்கள். முதல் பரிசோதனை அவருக்கு நடக்கட்டும்.