செத்த பிறகு ஊதும் சங்கு

"லைட்டு எரியலையே, அப்புறம் என்ன?" நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்காரர்களிடம் ஆயில் பிரஷர் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்திருந்தால் என்ஜினுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று டிரைவர் நம்புகிறார், ஓனரும் நம்புகிறார். தனியாக ஒரு ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டச் சொன்னால் வெட்டிச் செலவு என்று சிரிப்பார்கள். என்ஜினை இறக்கி, கிராங்க் கடைந்து, பேரிங் மாற்றிய செலவைச் சொல்லிப் புலம்புவதும் இவர்களேதான்.

அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது என்ஜின் பிளாக்கில் திருகிய ஒரு சின்ன சுவிட்ச். உள்ளே ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங். ஆயில் அழுத்தம் ஏறினால் விளக்கு அணையும், இறங்கினால் எரியும். இடைப்பட்ட நிலை எதுவும் அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட சுவிட்சுகள் பெரும்பாலும் 4 முதல் 7 பிஎஸ்ஐ-க்குள் எங்கேயோ மாறும். இப்போது கம்மின்ஸ் 5.9 லிட்டர் பி வரிசை டீசல் என்ஜினின் கணக்கைப் பாருங்கள். சூடேறிய என்ஜின் ஐடிலில் நிற்கும்போதே குறைந்தது 10 பிஎஸ்ஐ வேண்டும், முழு வேகத்தில் 30 வேண்டும். லோடு ஏற்றிக்கொண்டு ஓடும்போது 30 இருக்க வேண்டிய அழுத்தம் 12-க்கு விழுந்தாலும் விளக்கு வாயைத் திறக்காது. அது எரிகிற நேரத்தில் பேரிங்கில் ஆயில் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரச ஆரம்பித்திருக்கும். செத்த பிறகு ஊதுகிற சங்கு அது. சங்குச் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக வீட்டில் நோயாளியே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

காற்று விஷயத்தில் இதே டிரைவர் ஏமாறுவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஏர் பிரேக் வண்டியில் எச்சரிக்கை பஸ்ஸர் இருந்தும், மீட்டரில் முள் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கியர் போடுவார்.

முள் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் தன் பிக்கப் டிரக்குகளில் ஒரு காரியம் செய்தது. அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்டரை (sender) எடுத்துவிட்டு, வெறும் சுவிட்சை மாட்டியது. மீட்டருக்குப் பின்னால் 20 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தது. அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் முள் நடுவில் போய் நின்றுகொள்ளும். 10 ஆனாலும் 60 ஆனாலும் அதே இடம்தான். முள் ஆடுவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பதறக் கூடாதாம். பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இது. விவரம் தெரிந்த உரிமையாளர்கள் பழைய மாடல் சென்டரைத் தேடிப்பிடித்து மாட்டி, அந்த ரெசிஸ்டரை ஒரு ஒயரால் தாண்டவைத்து முள்ளுக்கு உயிர் கொடுத்தார்கள்.

மீட்டர் மாட்டினால் ஆயில் ஒழுகும் என்ற புகாரில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒழுக்கு வருவது மாட்டுகிறவரின் அவசரத்தால். 1/8 அங்குல என்பிடி மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று. அதே அளவு பிஎஸ்பி மரையில் 28. ஒன்றுக்குள் மற்றொன்று இரண்டு சுற்று இனிமையாக இறங்கும், அப்புறம் ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை போகும். கனமான சென்டரைப் பித்தளை 'டி'-யில் கோத்து பிளாக்கிலேயே தொங்கவிட்டால், டீசல் என்ஜின் அதிர்வில் அதன் கழுத்து முறிந்துவிடும். ஒரு ஹோஸ் இழுத்துச் சென்டரை சேஸிஸ் பக்கம் கிளாம்ப் அடித்து வைப்பதே சரி. சென்டர் ஒற்றை ஒயர் வகை என்றால் அதன் உடம்புக்குத் தனியாக எர்த் கொடுக்க வேண்டும். பழைய சுவிட்சைக் கழற்றி எறியாதீர்கள், அந்த 'டி'-யின் இன்னொரு வாயில் அதுவும் இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. விடிஓ வகைச் சென்டர் பூஜ்யத்தில் 10 ஓம், முழு அளவில் 180 ஓம் காட்டும். அமெரிக்க வகை பூஜ்யத்தில் 240, முழு அளவில் 33. வகை பார்க்காமல், கடையில் கிடைத்த சென்டரைக் கையிலிருக்கும் வேறு வகை மீட்டரோடு சேர்த்தால் அழுத்தம் ஏற ஏற முள் இறங்கும். "மீட்டரே பொய்" என்ற பேச்சு பாதி இப்படிப் பிறந்ததுதான்.

பல பிஎஸ்-6 வண்டிகளில் என்ஜின் கணினியே அழுத்தத்தை அளந்துவிடுகிறது, அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. நான் சொல்வது ரோட்டில் இன்னும் ஓடுகிற பழைய வண்டிகளுக்கு. அவற்றில் முள்ளின் ஒரு நாள் கணக்கால் பெரிய பயன் இல்லை. சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் ஏறி நிறுத்தும்போது ஐடிலில் எவ்வளவு காட்டும் என்பது டிரைவருக்கு மனப்பாடமாக வேண்டும். வழக்கமாக 20 காட்டிய இடத்தில் 14 காட்டினால், ஆயிலில் டீசல் கலக்கிறதா, பேரிங் இடைவெளி கூடிவிட்டதா, பம்ப் களைத்துவிட்டதா என்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. விளக்கு இந்த அவகாசத்தை ஒருநாளும் தராது.

முள் இறங்கியதும் 15டபிள்யூ-40-ஐ வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். கெட்டி ஆயில் போக மறுத்து முட்டுவதால் முள் ஏறும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் முள்ளைப் பார்த்த கையோடு, உள்ளே ஊற்றியிருப்பது என்ன ஆயில் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.