அம்மாவின் கை எங்கே போகிறது?



நம் இதழின் சமையல் பக்கம் இரண்டு மாதங்களாகப் புது வடிவில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ‘இப்போதுதான் அடுப்படியில் வைத்துப் படிக்க முடிகிறது’ என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டு முழுக்க எங்கள் பக்க வடிவமைப்பாளரைச் சேரும். அந்தப் பக்கம் பிறந்த கதையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு டிசைனர் இருக்கலாம். இல்லை, இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

பழைய பக்கத்தின் குறையைச் சொன்னதே நீங்கள்தான். ‘தேவையானவை’ ஒரு மூலையில், செய்முறை இன்னொரு மூலையில், நடுவில் பெரிய போட்டோ. கையெல்லாம் மாவு, அடுப்பில் எண்ணெய் காய்கிறது, எந்த வரியில் விட்டோம் என்று தெரியாமல் தவித்தால் எப்படிச் சமைப்பது?

இதைச் சரிசெய்ய எங்கள் வடிவமைப்பாளர் ஐந்து மாதிரிகள் செய்துகொண்டு வந்தாள். ஐந்தும் அழகு. ஆனால், எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தன. இரண்டு வாரமாக வெளிநாட்டு இதழ்களின் பக்கங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். “எவ்வளவு பார்த்தாலும் ஐடியாவே வரமாட்டேங்குது மேடம்” என்றபோது அவள் கண் கலங்கிவிட்டது.

“ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வா. போனை எடுக்காதே. அம்மா சமைக்கிறதை மட்டும் பக்கத்துல நின்னு பாரு” என்று அனுப்பினேன்.

திரும்பி வந்தவள் கையில் புதுப் பக்கம் எதுவும் இல்லை. பென்சிலால் வரைந்த ஓர் அஞ்சறைப் பெட்டி இருந்தது. வட்டமான எவர்சில்வர் பெட்டி, உள்ளே ஏழு கிண்ணங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்.

“அம்மா பெட்டியைப் பார்க்கவே இல்லை மேடம். கண்ணு வாணலியில இருக்கு. கை மட்டும் தானா கடுகுக்குப் போகுது. அடுத்த கிண்ணம் உளுத்தம்பருப்பு, அதுக்கு அடுத்தது சீரகம். தாளிக்கிற வரிசையிலேயே அடுக்கி வெச்சிருக்காங்க. இத்தனை வருஷமா நானும் அதுலேர்ந்து எடுத்துத்தான் சமைச்சிருக்கேன். ஒருநாளும் இதைக் கவனிச்சதில்லை!”

அந்த வரிசைதான் நம் புதுப் பக்கம். பொருள்கள் இப்போது வாணலிக்குள் விழும் வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அதைச் சேர்க்க வேண்டிய வரிக்கு நேராக. இரண்டடி தள்ளி நின்றாலும் படிக்கிற அளவில் எழுத்து. அவ்வளவுதான் மாற்றம்!

இன்ஸ்பிரேஷன் என்றதும் ஏதோ நடுராத்திரியில் மின்னல் மாதிரி வந்து இறங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். மலைக்கோ கடலுக்கோ போனால்தான் கிடைக்கும் என்றும் நினைக்கிறோம். போய்வரலாம், நல்லதுதான். ஆனால், தினமும் கையில் எடுத்துப் புழங்குகிற பொருளைக் கவனிக்காத கண்ணுக்கு மலை மட்டும் என்ன சொல்லிவிடும்?

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி. நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து, பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து, 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக வழி செய்த அறிக்கை அது. இந்தியாவில் பார்த்து வியந்த பொருள்களில் அவர்கள் முதலிடம் கொடுத்தது எதற்குத் தெரியுமா? லோட்டாவுக்கு. நம் வீட்டுச் சொம்புதான்!

அந்தச் சொம்பை வைத்து அவர்கள் எழுப்பிய கேள்விகள் இன்னும் அழகு. இடுப்பில் வைத்தால் எப்படி உட்காரும், தலையில் வைத்தால் எப்படி? நிறைந்திருக்கும்போது கனம் எங்கே நிற்கும், காலியானபோது எங்கே? சாய்த்தால் தண்ணீர் எப்படி விழும்? உள்ளே தேய்த்துக் கழுவ முடியுமா? தட்டினால் என்ன ஓசை வரும்? பழசானால் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும்? இதையெல்லாம் எந்தத் தனி மனிதரும் உட்கார்ந்து யோசித்துச் செய்துவிடவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் கை பட்டுத் திரண்ட வடிவம் என்பதையும் அவர்கள் புரிந்துகொண்டு எழுதினார்கள்.

நாமோ அதே சொம்பைப் பரணில் போட்டுவிட்டு, ‘ஐடியா கிடைக்கவில்லை’ என்கிறோம்.

அடுத்தமுறை பீரோவைத் திறக்கும்போது காஞ்சிப் பட்டை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள வேலைப்பாடுகளுக்கு நெசவாளர்கள் வைத்த பெயர்களைக் கேட்டிருக்கிறீர்களா? மல்லிமொக்கு, மாங்காய், மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், கோபுரக் கரை, பாலும் பழமும் கட்டம். எல்லாம் தறிக்காரர் வீட்டு வாசலிலும், தெருமுனைக் கோயிலிலும், சாப்பாட்டு இலையிலும் இருந்தவை. மயிலை எல்லோரும்தான் பார்த்தோம். அந்தத் தோகைக் கண் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, நூல் கணக்குக்குள் கொண்டுவர ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் கலை!

இன்று மளிகைக் கடை பாக்கெட் முதல் பால் பில் வரை நாம் பார்க்கும் ரூபாய்க் குறியீட்டை உருவாக்கியவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது. தேவநாகரி ‘ர’வும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. பார்த்தால் ஒரே ஒரு சின்ன எழுத்து. ஆனால், அவர் மும்பை ஐ.ஐ.டி-யில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். எழுத்தின் வளைவையும் நெளிவையும் வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் அவருடையது. அப்படிப் பழகிய கண்ணுக்குத்தான் அந்தச் சின்ன எழுத்து அகப்பட்டது.

போனைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நல்லது எங்கே இருந்தாலும் பார்க்க வேண்டியதுதான். ஆனால், போனில் நாம் பார்ப்பது, யாரோ அவர்கள் வீட்டுக்குப் போட்ட கணக்கின் விடை. நம் வீட்டுக் கணக்கு வேறு அல்லவா? டெய்லர் கடையில் போனை நீட்டி ‘இதே மாதிரி வேணும்’ என்கிறோம். கல்யாணப் பத்திரிகைக்கும் அப்படித்தான், புதுவீட்டு அடுப்படிக்கும் அப்படித்தான். பிறகு, ஒரு கல்யாணத்துக்குப் போனால் நான்கு பேர் ஒரே முதுகு டிசைனில் நிற்கிறோம். புது அடுப்படியில் எட்டாத உயரத்தில் அலமாரி வைத்துவிட்டு, தினமும் ஸ்டூலைத் தேடுகிறோம்.

டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பத்து முறை வரையுங்கள். முதல் மூன்று படங்களில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள்தான் வரும். அதற்குப் பிறகுதான் எதிரில் இருக்கிற பொருள் வரும். அப்புறம், அதைப் புழங்குகிறவர்களின் கையைப் பாருங்கள். கை எங்கே தடுமாறுகிறதோ, அங்கே உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டு அக்கா கோலம் போடுவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், ‘வெட்டியா உட்கார்ந்திருக்கியே’ என்று அதட்டாதீர்கள். புள்ளி எங்கே தொடங்குகிறது, இழை எப்படிச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது என்று அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த அரைமணி நேரமும் படிப்புதான்.

அடுத்து, நம் மருத்துவப் பக்கத்தை மாற்றப்போகிறோம். வயதானவர்கள் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிய கடிதங்கள் என் மேஜையில் இருக்கின்றன. எங்கள் டிசைனர் இந்தமுறை தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கண்ணாடியை ஏற்றி இறக்கி, மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து அவர் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? ஒருநாள் கவனித்துப் பார்த்து எங்களுக்கு எழுதுங்களேன். அவளுக்கும் அது உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்