பூனைக்கும் காப்புறுதியா?

நியூ ஜேர்சியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "மகள் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். மாதம் 30 டொலர் கட்டி அதற்குக் காப்புறுதி எடுக்கச் சொல்கிறாள். எங்களுடைய காப்புறுதிக்கே கட்ட முடியாமல் முழிக்கிறோம். பூனைக்கும் எடுப்பதா?"

சிரிப்புத்தான் வரும். ஊரில் பூனைக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள்? மீன்தலை தின்று, மதிலில் வெயில் காய்ந்து, ஒருநாள் காணாமற் போகும். இங்கேயோ வீட்டுக்குள்ளேயே பதினைந்து வருடம் இருக்கும். வருத்தம் வந்தால் எங்கள் கண்முன்னால்தான் வரும்.

குட்டி கடுவனா பெட்டையா என்று அவர் எழுதவில்லை. அது முக்கியம். கடுவன்களுக்குச் சிறுநீர்க்குழாய் அடைபடுவதுண்டு. மண் தட்டில் குந்திக் குந்தி முக்கும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். எங்கள் கடுவனுக்கு ஒரு சனி இரவு இப்படி வந்தது. மிருக வைத்தியசாலையில் பார்த்துவிட்டுக் கணக்குத் தாளை நீட்டினார்கள்: 2,800 டொலர், பாதி முற்பணம். இல்லாவிட்டால் ஊசி போட்டு நோகாமல் அனுப்பிவிடலாம் என்றார்கள். பக்கத்தில் ஒன்பது வயது மகன் நின்றான். கடனட்டையைக் கொடுத்தோம். கட்டி முடிக்கப் பதினொரு மாதம் சென்றது.

காப்புறுதி இருந்தாலும் அந்த இரவு காசு தேடத்தான் வேண்டியிருந்திருக்கும். எங்கள் வைத்தியருக்குக் காட்டுவது போல அட்டையைக் காட்டிவிட்டு வர முடியாது. பெரும்பாலும் முழுக் காசையும் நாங்களே முதலில் கட்டி, பற்றுச்சீட்டை அனுப்பிப் பின்னர்தான் ஒரு பங்கைப் பெறலாம். முதல் 250 டொலர் உங்கள் பொறுப்பு, மிகுதியில் 80 வீதம் தருவோம் என்ற ஒப்பந்தமானால், 2,800இல் 2,040 திரும்பி வரும். 760 எங்களுடையது.

ஏற்கனவே உள்ள வருத்தத்துக்குப் பொதுவாகக் காசு தரமாட்டார்கள். எங்கள் கடுவனுக்கு இனி எடுத்தும் அடைப்புக்குப் பயனில்லை. கையெழுத்திட்ட அன்றே செல்லுபடியாகாது; நோய்க்கு இரண்டு வாரமளவில் பொறுக்க வேண்டிவரும். பூனைக்கு வயது ஏறக் கட்டணமும் ஏறும். 1982இல் தொலைக்காட்சி நாய் லாசிக்கு அமெரிக்காவின் முதல் செல்லப்பிராணிக் காப்புறுதியைக் கொடுத்த நிறுவனம் பின்னர் நேஷன்வைட்டுடன் சேர்ந்தது. அந்த நேஷன்வைட்டே 2024இல் ஏறத்தாழ 100,000 பிராணிகளைக் கைவிடப்போவதாக அறிவித்தது. ஆகவே வருடாவருடம் புதுப்பிப்பார்களா என்று கேட்டுவையுங்கள்.

அம்மா, குட்டி சுகமாயிருந்து, ஊருக்கு அனுப்பும் காசில் கைவைக்காமல் 30 டொலர் எடுக்க முடியுமென்றால் இப்போதே எடுங்கள். கடுவனென்றால் யோசிக்கவே வேண்டாம். விபத்துக்கும் நோய்க்குமான சாதாரணத் திட்டம் போதும். தடுப்பூசியும் சேர்ந்த கூடிய விலைத் திட்டத்தை என்றால் நான் எடுக்கமாட்டேன். முடியாதென்றால் அந்த 30ஐ வேறு கணக்கில் போட்டுவாருங்கள். வருடத்தில் 360தான் சேரும். முதல் வருடமே அடைப்பு வந்தால் காணாது. எவ்வளவு வரை செலவழிப்பீர்கள் என்பதை மகளுடன் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். வைத்தியசாலை வாசலில் வைத்துப் பேச முடியாது.

இன்னொன்று, இதற்குக் காசு வேண்டாம். காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். இங்கே அதன் பெயர் டைலனோல். ஒரு குளிசையே கொன்றுவிடும். சாமிப்படத்துக்கு லில்லிப்பூ வைக்கும் வழக்கமிருந்தால் அதையும் நிறுத்துங்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும்.