டபிள்யூ விழுங்கிய நாலு நாள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007லேயே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். எந்த லாட் என்ன விலைக்குப் போனது என்பது பைசா பிசகாமல் பதிவாகிறது. ஆனால் அந்தக் காயைப் பறித்த பெண்ணின் கூலிக் கணக்கு?

அதைப் பற்றித்தான் போடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போடிமெட்டுக்கு மேலே சித்தப்பாவின் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறார். விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறார்கள் பெண்கள். பறித்த பச்சைக் காயைச் சாயங்காலம் நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை கூலி. நோட்டில் எழுதி வந்ததை மாடர்னாக்க, பைத்தானில் பத்து வரி புரோகிராம் எழுதினாராம். திங்கள் முதல் தினமும் எடையை டைப் அடித்திருக்கிறார். சனிக்கிழமை பார்த்தால் வெள்ளிக்கிழமை எடை மட்டும்தான் இருக்கிறது. "ஸார், வைரஸா?"

வைரஸ் இல்லை தம்பி. ஒற்றை எழுத்து.

பைத்தானில் 'ஓப்பன்' என்று சொல்லி, ஃபைலின் பெயரையும் எதற்காகத் திறக்கிறோம் என்பதற்கு ஓர் எழுத்தையும் தரவேண்டும். ('கோப்பைத் திற' என்றால் டீக்கடை ஞாபகம் வருவதால் ஃபைல் என்றே எழுதுகிறேன்.) 'ஆர்' போட்டால் படிக்கலாம். ஃபைல் இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும், நஷ்டமில்லை. 'டபிள்யூ' எழுதுவதற்கு. அந்தப் பெயரில் ஃபைல் இல்லையென்றால் புதிதாக உண்டாக்கித் தரும். இருந்தால்? உள்ளே உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு வெற்றுத் தாளாகக் கொடுக்கும். கேட்காது, எச்சரிக்காது. நீங்கள் ஒரு வரி எழுதும்வரைகூடப் பொறுக்காது, திறந்த கணமே காலி! ரீசைக்கிள் பின்னில் தேடிப் பிரயோஜனமில்லை.

இது யூனிக்ஸோடு வளர்ந்த ஸி மொழியின் எழுபதுகளின் பழக்கம். 1991ல் பைத்தானை வெளியிட்ட கிடோ வான் ராஸம் கண்டுபிடித்ததல்ல. அவர் பெயர் வைத்ததும் மலைப்பாம்பை நினைத்து அல்ல, 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் டி.வி. காமெடியை நினைத்து. நாலு நாள் எடையை முழுங்கியிருப்பதைப் பார்த்தால் பாம்புதானோ என்று தோன்றுகிறது.

அந்த நாலு நாள் கூலி? வாசகர் பெண்களிடமே கேட்டாராம். ஆளாளுக்கு அரைக்கிலோ வரை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள். சித்தப்பா நம்பத் தயங்குகிறார். முதலில் கூலியைக் கொடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால், ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகும் என்பது அவருக்குத் தெரியாததா? அந்த வாரம் ஸ்டோரில் உலர்த்திய காயை நிறுத்து, ஐந்தால் பெருக்கி, வெள்ளிக்கிழமை எடையைக் கழித்து, பெண்கள் சொன்ன மொத்தத்தோடு வைத்துப் பார்க்கட்டும். விடையை எனக்கும் எழுதுங்கள்.

இனிமேல் 'டபிள்யூ'வுக்குப் பதில் 'ஏ' போடுங்கள். நாள்வழிக் கணக்கு மாதிரி கடைசி வரிக்குக் கீழேதான் எழுதும், பழசைத் தொடாது. ஆனால் புரோகிராமை மறதியாக இரண்டு தடவை ஓட்டினால் எடையும் இரண்டு தடவை ஏறும். சித்தப்பாவுக்கு அது வேறு வயிற்றெரிச்சல். என் சிபாரிசு 'எக்ஸ்'. 2012ல் பைத்தான் 3.3ல் வந்தது. நாளுக்கு ஒரு ஃபைல், பெயரிலேயே தேதி. அந்தத் தேதியில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும், கறாரான கங்காணி மாதிரி.

பெண்களின் பெயரைத் தமிழில் அடிப்பதானால் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முரண்டு பண்ணும். 'வித்' போட்டுத் திறந்தால் வேலை முடிந்ததும் ஃபைல் தானே மூடிக்கொள்ளும். மூடும்வரை நீங்கள் எழுதியது மெமரியிலேயே தங்கியிருக்கலாம், மலையில் கரண்ட் எப்போது போகும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.