தமக்கைக்குக் கண்ணாக இருந்தவர்

கிராமப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பின்னர் ஒரு கமக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, மாடும் கோழியும் தோட்டமுமாக ஆயுளைக் கழித்த பெண்மணிகளின் சரிதம் ஏட்டில் ஏறுவது அபூர்வம். அவர்கள் மறையும்போது ஊரார் சில நாள் பேசுவர், பின் மறந்துபோவர். அவ்வாறு மறக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவரைப் பற்றியே இன்று வாசக நேயர்களுடன் பேச விரும்புகிறேன். அமெரிக்க நாட்டு லோரா இங்கல்ஸ் வைல்டர் அம்மையாரே அவர். 1867ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி விஸ்கொன்சின் மாநிலத்துக் காட்டோரக் குடிலொன்றில் பிறந்த அவர், 90 வயது நிறைந்த மூன்றாம் நாள், 1957 பெப்ரவரி 10இல், தமது கமத்து வீட்டிலேயே கண்மூடினார்.

லோராவுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1879இல், தமக்கை மேரி நோய்வாய்ப்பட்டுப் பார்வையை இழந்தாள். அன்று முதல் தமக்கைக்குக் கண்ணாக இருக்கும் பொறுப்பு தங்கையிடம் வந்தது. வானத்தின் நிறம், புல்வெளியில் காற்று எழுப்பும் அலை, தெருவில் போகும் குதிரை ஆகிய யாவற்றையும் சொல்லிச் சொல்லி மேரியின் மனத்தில் வரைய வேண்டும். மழுப்பிச் சொன்னால் காட்சி விளங்காது, மிகைப்படுத்தினால் பொய்யாகும். பிற்காலத்தில் அவர் பெயர்பெற்ற எழுத்தாளரானமைக்கு முதற்பயிற்சி இதுவே.

டக்கோட்டாப் பிரதேசத்தில் டி ஸ்மெற் என்னும் புதிய ஊரில் குடும்பம் குடியேறியது. 1880ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1881 வரை நீடித்த கொடிய பனிக்காலத்தில் புகையிரதம் வரவில்லை, உணவுமில்லை, விறகுமில்லை. கோப்பி அரைக்கும் சிறு யந்திரத்தில் கோதுமையை அரைத்து உண்டனர். வைக்கோலை முறுக்கி எரித்துக் குளிர்காய்ந்தனர். அந்த வறுமையிலிருந்து மீண்ட ஆண்டிலேயே, மேரியை அயோவா மாநிலத்திலிருந்த பார்வையற்றோர் கல்லூரிக்கு அனுப்பினர்.

அந்தப் படிப்புக்கு உதவும்பொருட்டே லோரா ஆசிரியையானார். பதினாறாம் வயது நிறையுமுன்னரே தராதரப் பத்திரம் பெற்று, ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்த ஒரு பள்ளிக்குச் சென்றார். பாழடைந்த குடிலொன்றே பள்ளிக்கூடம், மாணவர் ஐவர், அவர்களுட் சிலர் ஆசிரியையிலும் உயரமானவர்கள் என அவர் எழுதியுள்ளார். மூன்று பள்ளிகளில் மூன்று தவணைகள் படிப்பித்தார். தமது உயர்நிலைக் கல்வியையோ அவர் முடிக்கவேயில்லை. தமக்கை கல்லூரிப் படிப்பை நிறைவுசெய்தாள். அதற்குக் கைகொடுத்த தங்கை இடையில் நின்றாள். கல்வியின் பயனை எண்ணும்போது நாம் இத்தகைய கணக்கையும் எண்ண வேண்டும்.

பள்ளியிலிருந்து வார இறுதிகளில் அவரைப் பனிச்சறுக்கு வண்டியில் வீட்டுக்கு அழைத்து வந்தவர் அல்மான்சோ வைல்டர் என்னும் இளங் கமக்காரர். 1885இல் இருவரும் மணந்துகொண்டனர். அடுத்த ஆண்டு றோஸ் என்னும் மகள் பிறந்தாள். அதன்பின் வந்தவை துன்ப ஆண்டுகள். வறட்சி பயிரைத் தின்றது. தொண்டைக்கரப்பான் கண்டு எழுந்த கணவரின் கால்கள் வலுவிழந்தன. 1889இல் பிறந்த ஆண்மகவு பெயரிடப்படுமுன்னே இறந்தது. அதே மாதத்தில் வீடும் தீக்கிரையாயிற்று.

1894இல், சேமித்து வைத்திருந்த நூறு டொலருடன் மிசூரி மாநிலத்து மான்ஸ்பீல்ட் என்னும் ஊருக்குச் சென்று, கல்லும் மேடுமான காணியொன்றை வாங்கினர். கால் வலுக்குன்றிய கணவர் வாளின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை இவர் பிடித்து மரம் அறுத்தார். ஆப்பிள் கன்றுகளை நட்டனர், கோழி வளர்த்தனர். கோழி வளர்ப்பில் அவர் பெற்ற தேர்ச்சியே, 1911 முதல் கமக்காரர் பத்திரிகையொன்றில் அவர் எழுத வழிவகுத்தது. அயலிலுள்ள கமக்காரர்களுக்குக் கடன் வழங்கும் சங்கத்தின் செயலாளராகவும் பொருளாளராகவும் சுமார் பத்தாண்டுகள் கணக்கெழுதினார். அவர் புத்தகம் எழுதக் காத்திருந்தார் என எவரும் எண்ண வேண்டாம். அந்தந்த நாளின் வேலை அந்தந்த நாளுக்கே போதுமானதாயிருந்தது.

மேரி 1928இல் காலமானாள். பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் கோடிட்ட தாள்களில் பென்சிலால் எழுதிய நினைவுகளிலிருந்து உருவான லோராவின் முதல் நூல் 1932இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 65 வயது. எழுத்தாளராயிருந்த மகள் றோஸ் செப்பனிட்டு உதவ, 1943க்குள் எட்டு நூல்கள் வந்தன. யாருக்காகப் பார்த்துச் சொல்லப் பழகினாரோ, அந்தத் தமக்கை அவற்றுள் ஒன்றையேனும் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஆயினும், பிறருக்காகப் பார்த்த அந்தக் கண்களுக்கும் தெரியாதவை இருந்தன. லோரா சிறு குழந்தையாயிருந்த காலத்தில், கன்சாசில் ஓசேஜ் என்னும் பூர்வீகக் குடிகளுக்குரிய நிலத்திலேயே அவர் குடும்பம் குடிலமைத்திருந்தது. அதைப் பற்றிய 1935ஆம் ஆண்டு நூலில், அங்கே மனிதர் எவருமில்லை, இந்தியர் மட்டுமே வாழ்ந்தனர் என்னும் கருத்துப்பட எழுதிவிட்டார். பூர்வீகக் குடிகளும் மனிதரல்லரோ என்று 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். 85 வயதான அம்மையார் வாதாடவில்லை; அது தமது தவறே என ஒப்புக்கொண்டார். மறு ஆண்டுப் பதிப்பில் ‘மனிதர்’ என்பது ‘குடியேறியோர்’ என மாற்றப்பட்டது. ஒரு சொல் திருந்தியதால் எல்லாம் திருந்திவிடவில்லை. அந்நூல்களிற் பூர்வீகக் குடிகளையும் கறுப்பின மக்களையும் பற்றி வரும் பகுதிகள் காரணமாக, 1954 முதல் அவர் பெயரில் வழங்கப்பட்டு வந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை 2018இல் மாற்றினர். அவரை நினைப்போர் இதையும் சேர்த்தே நினைப்பது நேர்மை.

கரும்பலகையில் நான் எழுதிய பிழையை மாணவன் ஒருவன் சுட்டிக்காட்டும் வேளைகளில், முகம் சிவப்பதற்கு முன் அந்த முதிய ஆசிரியையின் நினைவு எனக்கு வருவதுண்டு. மூன்றே தவணைகள் படிப்பித்தவர் அவர். 85ஆம் வயதிலும் திருத்தப்படச் சம்மதித்தார். நான் பார்த்ததை உனக்குச் சொல்கிறேன். நான் பாராததை நீ எனக்குக் காட்டு. ஆசிரியத் தொழிலில் இதற்குமேற் பெரிய பாடம் உண்டென எனக்குத் தோன்றவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் அயலிலும் படிப்பித்தும் பயிர்செய்தும் முதுமையடைந்த பெண்மணி ஒருவர் இருக்கக்கூடும். அவர் பென்சிலை எடுக்கமாட்டார். நீங்கள் ஒரு கொப்பியுடன் அவர் அருகே சென்று அமருங்கள். யாருடைய படிப்புக்காகத் தமது படிப்பை நிறுத்தினார் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.