கணுக்காலும் மனமும்

ரெனிஸ் உலகிலே தமிழர் பெயரை நிலைநாட்டிய இராமநாதன் கிருஷ்ணன், 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே அரையிறுதி கண்டார். அவரை அவ்வாட்டங்களில் வென்ற பிரேசரும் லேவருமே முறையே அவ்வாண்டுகளில் வாகை சூடினர். 1962இல் நான்காம் நிலை வீரராகக் களம் புகுந்த கிருஷ்ணன், கணுக்கால் நோவினால் இடையில் விலக நேர்ந்தது. கணுக்கால் நொந்தவனைக் கோழையென்பார் எவருமிலர்.

மனம் நொந்தால் மாத்திரம் வழக்கு வேறாகின்றது. நான்கு பெரும் பட்டங்கள் வென்ற யப்பானிய வீராங்கனை நவோமி ஒசாகா, 2021இல் பிரெஞ்சுப் போட்டியின்போது செய்தியாளர் கூட்டத்துக்கு வர மறுத்தார். 15,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேலும் கடுந்தண்டனை வருமென எச்சரிக்கையும் பிறந்தது. மறுநாளே போட்டியினின்றும் விலகிய அவர், 2018 முதல் மனச்சோர்வினால் வருந்திவருவதை வெளியிட்டார். அவர் மறுத்த முறை செவ்வையன்று என்பாருமுளர். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும், தண்டம் எந்த நோய்க்கு மருந்து?

யட்டவத்தயிலிருந்து வைகறையில் பஸ் ஏறிவரும் நம் மாணவனையும் எண்ணிப் பார்ப்போமாக. ஓட்டத்தில் அவன் விழுந்தால் முதலுதவிப் பெட்டியுடன் ஓடுகின்றோம். போட்டிக்கு முன்னிரவு முழுதும் உறங்காது நடுங்கினேன் என்பானாயின், “ஆண்பிள்ளையா நீ?” என்று நகைக்கின்றோம். விழா நிதியில் வெற்றிக் கிண்ணங்களுக்கென வைக்கும் பணத்தில் ஒரு பகுதியையேனும், மாணவர் மனந்திறந்து பேசத்தக்க ஆசிரியர் ஒருவரை உளவளத்துணையிற் பயிற்றுவதற்குப் பழைய மாணவர் சங்கத்தார் ஒதுக்க வேண்டுமென விண்ணப்பிக்கின்றோம். கிண்ணங்கள் அலுமாரியிற் போதியவளவு உள.