ஒழுகும் கீசரும் என் சிக்கனமும்

எங்கள் வீட்டு கீசருக்குப் பதினாறு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் 'ஷோஃபோ' என்று படித்த சாதனம், புதுச்சேரி வீட்டுக்கு வந்ததும் கீசராகிவிட்டது. சென்ற மார்கழியில் அடியில் சொட்ட ஆரம்பித்தது. வாளி ஒன்றைக் கீழே வைத்தேன். முப்பது வருடம் கோப்புகளில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிய கை அல்லவா? இரண்டு மாதம் ஓட்டினேன்.

ஒருநாள் காலை குழாயைத் தொட்ட மனைவி, "என்னங்க, ஷாக் அடிக்குது!" என்று கையை உதறினாள். நல்லவேளை, லேசாகத்தான். உடனே மெயினை நிறுத்தினேன்.

வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி விளக்கினார். குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர் மாற்றினால் போதும். தொட்டியே அரித்து ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி உண்டு. தொட்டிக்குப் பதிலாக அதுதான் கரையும். அது தீர்ந்தால் அடுத்தது தொட்டி. உப்புத் தண்ணீரில் சீக்கிரமே தீரும். நான் ஒருமுறைகூட அதை மாற்றியதில்லை.

புதிய கீசர் வாங்கினோம். எர்த்தைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம்.

"இனி எத்தனை காலம், இதுவே போதும்" என்று நம் வயதில் பழையதை ஓட்டுகிறோம். அது சிக்கனம் என்று இனி நான் சொல்லமாட்டேன். ஈரக்கையோடு குழாயைத் திறப்பது நான் மட்டும் இல்லையே. கீசர் சொட்டினால் வாளியைத் தேடாதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள்.